இருமல் வகுப்பு

மார்புநோய் மேன்மை மையத்தின் தரைத்தளத்தில், மருந்தகத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால், பிள்ளைகளுக்கு இருமக் கற்றுக்கொடுக்கும் வகுப்பறை இருந்தது. உலகத்துப் பிள்ளைகளெல்லாம் யாரும் சொல்லித்தராமலே இருமிக்கொண்டிருக்க, இதற்குப் போய் ஒரு வகுப்பா என்று வெளியாள் யாராவது கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவரை மையத்தில் இருப்பவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அங்கே கற்றுக்கொடுத்தது ஆண்டுக்கு நாலு தடவை வந்து போகிற சில்லறை இருமல் அல்ல. நெஞ்சின் அடியிலிருந்து கோழையைக் கிளப்பி, தொண்டையில் தங்கவிடாமல், விழுங்கியும் விடாமல், நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பத்திரமாகக் கொண்டு இறக்குகிற இருமல். இதைப் பெரியவர்களிலேயே பாதிப் பேருக்குச் செய்யத் தெரியாது. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களோ, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிற வயதுக்காரர்கள்.

மெத்தைக் கடையில் மெத்தை தைக்கிற மெத்தைக்காரர் தன் மகள் சுண்டுவோடு அங்கே வந்து சேர்ந்தது ஆசைப்பட்டு அல்ல. சுண்டுவின் தாய்மாமன் வேலை தேடி வந்து அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் தங்கியிருந்தான். மருமகளைத் தோளை விட்டு இறக்கமாட்டான், தூங்குவதும் அவளை அணைத்துக்கொண்டுதான். அவனுக்குக் காசநோய் வந்தது, அதிலும் வழக்கமான மாத்திரைக்கு மசியாத ரகம். மேன்மை மையத்தில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள், மேன்மை மையத்தில்தான் படுக்க வைத்தார்கள், கடைசியில் மேன்மை மையத்தின் பின்வாசல் வழியாகத்தான் அவனைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். அவன் போன துக்கம் ஆறுவதற்குள் சுண்டுவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்க ஆரம்பித்தது. வாயாடிப் பெண் பேச்சைக் குறைத்தாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். மையத்தில் முதலில் வழக்கமான மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை அவளுடைய நாக்கைக் கசக்கச் செய்ததோடு தங்கள் கடமையை முடித்துக்கொண்டன.

பிள்ளைகள் பிரிவைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் சின்ன டாக்டர் என்பார்கள். வயதில் இளையவர், பதவியிலும் அப்படித்தான். சுண்டுவின் எக்ஸ்ரேயை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாமாவுக்கு இருந்த அதே கிருமிதாங்க. எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்ப அந்தப் பெரிய மருந்தையே குடுத்துடுங்க டாக்டரம்மா."

"எனக்குத் தெரிஞ்சா போதாதே. நிரூபிக்கணும். பாப்பாவோட கோழையில கிருமி இருக்கணும், அது சாதா மருந்துக்கு அடங்காத கிருமின்னு மெஷின் சொல்லணும். அப்பதான் மருந்து பீரோவத் திறப்பாங்க."

"அவளுக்குத் துப்பத் தெரியாதேம்மா. இருமினா அப்படியே முழுங்கிடுவா."

"இந்த வயசுல எல்லாப் பிள்ளையும் முழுங்கத்தான் செய்யும்," என்றார் சின்ன டாக்டர். "மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டு, முழுங்கினத வயித்துலேர்ந்து எடுக்கலாம். அதுக்குத் தனி ரூமே இருக்கு."

மெத்தைக்காரர் போய்ப் பார்த்தார். அறை இருந்தது உண்மைதான். கண்ணாடிக் கதவுக்குள்ளே புதுக் கட்டில், புது விளக்கு, உறை பிரிக்காத குழாய்கள் எல்லாம் அடுக்கியிருந்தன. கதவுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. திறந்து வைக்க வேண்டிய சிறப்பு விருந்தினருக்குத் தேதி ஒத்துவரவில்லை. ரிப்பன் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. துப்புரவு செய்யும் அம்மாள் அதைத் தினமும் தூசி தட்டிவிட்டு, அடியில் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சின்ன டாக்டர் முட்டி மோதி, சுண்டுவின் விஷயத்தை நிபுணர் குழுவின் முன்னால் கொண்டுபோனார். நீள மேசைக்கு அந்தப் பக்கம் நிபுணர்கள், நடுவில் இயக்குநர். இந்தப் பக்கம் மெத்தைக்காரர் மகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசியதில்லை. அதுதான் அவரிடம் பயமாக இருந்தது.

"ஒண்ணு புரிஞ்சுக்கணும் நீங்க," என்றார் இயக்குநர். "இந்த மையத்துல இதுவரைக்கும் ஒரு குழந்தைகூட மருந்துக்கு அடங்காத காசநோயால இறந்தது கிடையாது. எப்படி சாதிச்சோம்? நிரூபணம் இல்லாம ஒரு குழந்தையையும் அந்த நோயாளின்னு நாங்க சொன்னதே கிடையாது."

நிபுணர்கள் தலையை ஆட்டினார்கள்.

"சந்தேகத்துல இறந்தவங்க உண்டு," என்று இயக்குநர் நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார். "அது வேற கணக்கு."

"இவ மாமாவுக்கு இங்கதாங்க வைத்தியம் பாத்தீங்க," என்றார் மெத்தைக்காரர். "அவன்கூடவேதான் இவ தூங்குனா."

"அவர் விஷயம் முடிஞ்சிடுச்சே. முடிஞ்சத வெச்சு நடக்கிறத எப்படி முடிவு பண்றது? அதோட இது விலை உயர்ந்த மருந்து, கடுமையான மருந்து. தப்பான பிள்ளைக்குக் குடுத்துத் தீத்துட்டோம்னா, சரியான பிள்ளை வர்றப்ப அதுக்கு என்ன பதில் சொல்லுவோம்?"

"சரியான பிள்ளை எப்ப வருங்கய்யா?"

"இன்னும் வரல. அதனாலதான் மருந்து அப்படியே பத்திரமா இருக்கு."

ஓரத்தில் இருந்த ஒரு நிபுணர் மனமிரங்கி, விதியில் ஒரு சந்து இருப்பதாகச் சொன்னார். தரமான கோழையை மூன்று தடவை கொடுத்து, மூன்று தடவையும் மெஷினுக்குக் கிருமி தென்படாமல் போனால், கருணை அடிப்படையில் யோசிக்கலாமாம். கோழை மட்டும் தரமாக இருக்க வேண்டும். எச்சிலைக் கொண்டுவந்து நீட்டக் கூடாது. சுண்டு அதற்குள் அப்பாவின் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள். குழந்தை ஒத்துழைக்கவில்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

இப்படித்தான் சுண்டு இருமல் வகுப்பில் சேர்ந்தாள். சுவரில் கை கால் முளைத்த நுரையீரல்கள் சிரித்தபடி நடனமாடின. கலர் கலராகக் குட்டி முக்காலிகள் போட்டிருந்தன. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரப் பலகை: தரமான கோழை கொடுத்த பிள்ளைக்கு ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவார்கள். பலகை மாட்டிய நாளிலிருந்து அதில் பூச்சிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

"மூச்ச இழுங்க," என்பார் இருமல் டீச்சர். பாடம் நடத்துவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. "அப்படியே நிறுத்துங்க. நெஞ்சத் தட்டுங்க. இப்ப இருமுங்க. முழுங்கக் கூடாது. யார் முழுங்கினது? கண்ணு, வாயத் திற."

பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள், நெஞ்சைத் தட்டினார்கள், இருமினார்கள், விழுங்கினார்கள். சுண்டு டீச்சரைப் போலவே புருவத்தைத் தூக்கி, அவரைப் போலவே "யார் முழுங்கினது?" என்று கேட்டு, தானும் விழுங்கினாள். டப்பாவில் வந்ததெல்லாம் தெளிந்த எச்சில். பரிசோதனைக் கூடத்திலிருந்து 'எச்சில் – ஏற்கப்படவில்லை' என்று சீட்டு ஒட்டி டப்பா திரும்பி வந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது. சீட்டு அழகாக இருக்கிறதென்று பிய்த்துச் சட்டையில் ஒட்டிக்கொண்டாள்.

சுண்டுவுக்குப் பக்கத்து முக்காலியில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பையன் உட்காருவான். எந்த வெயிலிலும் அந்தத் தொப்பியைக் கழற்றமாட்டான். இருமும்போது ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொள்வான். அவனுடைய அப்பாவும் இதே நோயில் போனவர்தான். ஒரு திங்கட்கிழமை அவனுடைய முக்காலி காலியாக இருந்தது. வாரம் முடிவதற்குள் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

"எங்க டீச்சர், அந்தத் தம்பி?" என்று மெத்தைக்காரர் கேட்டார்.

"நின்னுட்டான். இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு அக்கறையே இருக்கறதில்லைங்க," என்றார் டீச்சர்.

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது தொப்பிக்காரனின் அம்மா வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கையில் நீல மூடி டப்பா, ஆனால் மூடி இல்லை. மையத்துச் சாமான் என்று திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். டீச்சர் டப்பாவை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மூடி எங்கம்மா?"

"அவன் கையில வெச்சிருந்தான் டீச்சர். பிரிக்க முடியல. அப்படியே விட்டுட்டோம்."

டீச்சர் பரவாயில்லை என்று சொல்லி டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, மூச்ச இழுங்க என்றார். பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள். மடியில் இருந்த மகளின் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தன் உள்ளங்கையில் தட்டுப்படுவதை மெத்தைக்காரர் அன்றுதான் உணர்ந்தார்.

அடுத்த நாள் காலையில், வகுப்புக்கு முன்னால் கைகழுவும் இடத்தில், அவருக்கு இருமல் வந்தது. அது ஒன்றும் அதிசயமில்லை. மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கிற மெஷின் ஓடத் தொடங்கினால் வாசலில் நிற்கிறவன் முகம் தெரியாது. அங்கே எல்லோருமே இருமுவார்கள். முதலாளி அதைத் தொழில் இருமல் என்பார், சம்பளத்தோடு சேர்ந்து வருவது. மெத்தைக்காரரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, உறைக்குள் பஞ்சைத் திணித்து, நீள ஊசியால் தைத்துக்கொண்டே பல வருஷமாக இருமி வந்தவர்தான். இப்போது கொஞ்ச நாளாக இருமல் கூடியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று வந்த கோழை கெட்டியாக, மஞ்சளாக, பார்த்தவுடன் தரமானது என்று சொல்லும்படி இருந்தது.

எச்சில் என்று தள்ள முடியாது என்பது மட்டும்தான் அவர் யோசித்தது. இதை மூன்று தடவை கொடுத்தால் மெஷின் மூன்று தடவையும் கிருமி இல்லை என்று சொல்லும். பிறகு கருணை அடிப்படை. இடுப்பில் சுண்டு இருந்தாள். அவர் அறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவளுடைய டப்பாவில் துப்பி, மூடியைத் திருகினார். சுண்டு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது," என்றார்.

"சொல்ல மாட்டேன்," என்று அவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள்.

மூன்று தடவை கொடுக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. முதல் டப்பாவிலேயே மெஷின் கிருமி என்றது. நிறையக் கிருமி என்றது. வழக்கமான மருந்துகளை மதிக்காத கிருமி என்றது.

மையத்தில் திருவிழாதான். இயக்குநரே படியிறங்கி வகுப்பறைக்கு வந்தார். இருமல் டீச்சர் அழுதுவிட்டார். நட்சத்திரப் பலகையில் முதல் தங்க நட்சத்திரத்தை ஒட்டி, அதன் கீழே சுண்டுவை நிறுத்திப் படம் எடுத்தார்கள். "சரியான பிள்ளை வந்துடுச்சு," என்று இயக்குநர் தழுதழுத்தார். "முடியாது முடியாதுன்னாங்க. பயிற்சி குடுத்தா நாலு வயசுப் பிள்ளையும் நிரூபிக்கும்னு நான் அப்பவே சொன்னேன். இனிமே எந்தப் பிள்ளையும் முடியலைன்னு சாக்கு சொல்ல முடியாது."

எல்லோரும் கை தட்டினார்கள். மெத்தைக்காரர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டப்பாவில் இருந்தது யாருடைய கிருமி என்பது அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மைத்துனன் தலைமாட்டில் உட்கார்ந்து விடிய விடிய விசிறியது நினைவுக்கு வந்தது.

ஒருவருக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்தது தப்பு. கூட்டம் கலைந்ததும் சின்ன டாக்டர் அவரைப் படிக்கட்டுக்கு அடியில் கூட்டிப்போனார்.

"கோழையில பஞ்சு இழை இருந்துச்சு," என்றார் மெதுவாக. "உங்களுக்கு எத்தன நாளா இருமல்?"

மெத்தைக்காரர் அவர் காலில் விழப்போனார். சின்ன டாக்டர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"சொல்லிட மாட்டீங்களேம்மா? சொன்னா அவ மாத்திரைய நிறுத்திடுவாங்க."

"அவளுக்கு வேண்டிய மாத்திரை அதுதான். பொய் டப்பாவுல இருக்கு, வைத்தியத்துல இல்ல. நான் எதுவும் பாக்கல," என்றார் அவர். "ஆனா நீங்களும் சீக்கிரமே மருந்து ஆரம்பிக்கணும். பாப்பாவுக்கு மருந்து பிடிச்சதும் ஆரம்பிச்சுடலாம்."

பீரோ திறந்தது. மாத்திரைகள் பெரியவர்களின் தொண்டைக்கு அளவெடுத்துச் செய்தவை. உடைக்கக் கூடாது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது, பாதி கொடுக்கவும் என்று சீட்டில் எழுதியிருந்தது. சுண்டுவின் அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, சர்க்கரையில் குழைத்து ஊட்டினாள். சுண்டு பாதியை அம்மாவின் புடவையில் துப்பினாள். இதைத் துப்ப மட்டும் அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்கவேண்டியிருக்கவில்லை. அம்மா மறுபடியும் நசுக்கினாள். சில வாரத்தில் சாயங்காலக் காய்ச்சல் நின்றது. ஒரு நாள் தானாக வந்து, "அம்மா, பசிக்குது," என்றாள். அவள் அம்மா அடுப்பைப் பற்றவைக்க மறந்து அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மெத்தைக்காரர் தன் மருந்துக்குப் போக வேண்டும் என்று கிளம்பிய நாளில்தான் தொப்பிக்காரனின் அம்மா கடை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் அந்தக் கைக்குழந்தை, கையில் புது டப்பா.

"அண்ணே, என் பையன் வருஷம் பூரா இருமியும் எச்சில்தான் வந்துச்சு. உங்க பாப்பாவுக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். இவளுக்கும் காய்ச்சல் வருதுண்ணே. எனக்கு இது ஒண்ணுதான் மிச்சம்."

அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. டப்பாவைப் பஞ்சு மூட்டையின் மேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டதை இல்லையென்று சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. கடைக்குப் பின்னால் போய் டப்பாவை நிரப்பிக்கொண்டு வந்தார். நடக்கப் பழகாத அந்தக் குழந்தை தரமான கோழை கொடுத்ததைக் கண்டு மையம் மெய்சிலிர்த்தது. அவளுக்கும் நட்சத்திரம் கிடைத்தது, மாத்திரையும் கிடைத்தது.

அதன் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். யார் யாருக்குச் சொன்னார்கள் என்று தெரியாது. மெத்தை விலை விசாரிக்கிற மாதிரி வருவார்கள். மெத்தையை அழுத்திப் பார்ப்பார்கள். பிறகு பையிலிருந்து நீல மூடி எட்டிப் பார்க்கும். சின்ன டாக்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டில் பெரியவர் யாருக்காவது இதே அடங்காத நோய் இருந்த பிள்ளைகளின் பெற்றோரை மட்டும், தற்செயலாகச் சொல்கிறவர்போல, நல்ல மெத்தை எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

"ஏங்க, இது என்ன உடம்பா, தெருக்குழாயா?" என்று மனைவி கேட்டாள். அவருடைய சட்டைகளை அவள் இரண்டு தடவை பிடித்துத் தைத்திருந்தாள். "ஆளாளுக்கு வந்து புடிச்சுட்டுப் போறாங்க. நாளைக்கே போய் மாத்திரை வாங்கிட்டு வாங்க. இல்லன்னா நான் போய் எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

அவள் சொல்லமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். சொன்னால் முதலில் நிற்பது சுண்டுவின் மாத்திரை. அவர் கடைத் தாழ்வாரத்தில் படுக்கத் தொடங்கினார். மகளைத் தூக்குவதை நிறுத்தினார். அவள் ஓடி வந்தால் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எட்டி நின்று பேசினார்.

சின்ன டாக்டர் அவரை வழியில் பார்க்கும்போதெல்லாம் கடிந்துகொள்வார். "இதுக்கு மேல தள்ளாதீங்க. நாளைக்கே சேத்துடறேன்." பிறகு குரல் இறங்கும். "மருந்து ஆரம்பிச்சா கிருமி செத்துடும். அது நல்லதுதான். ஆனா வார்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அதுல ஒண்ணு ரொம்ப நாள் தாங்காது. ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்குங்க. நானா இப்படிப் பேசறேன்னு எனக்கே அசிங்கமா இருக்கு."

ஒரு வாரம் பல தடவை வந்து போயிற்று.

இதற்கிடையில் இயக்குநர் சும்மா இருக்கவில்லை. நட்சத்திரம் வாங்கிய பிள்ளைகளின் கிருமிகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அத்தனையும் அச்சில் வார்த்ததுபோல ஒரே கிருமி. வெவ்வேறு தெரு, வெவ்வேறு குடும்பம், ஆனால் கிருமி ஒன்று. வேறு யாராவது இருந்தால் குழம்பியிருப்பார்கள். இயக்குநர் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளைகளை மட்டுமே தாக்குகிற ஒரு புது வகை இது. அதற்குச் சிறார் வகை என்று பெயர் சூட்டி, பெரிய அரங்கத்தில் சிறப்பு விருந்தினர் முன்னிலையில் அறிவித்தார்.

"தாய்மாமனுக்கும் இதே கிருமிதானே சார்?" என்று சின்ன டாக்டர் மட்டும் எழுந்து கேட்டார்.

"அவர் இறந்தவர் பிரிவும்மா," என்றார் இயக்குநர் அன்போடு. "நாம உயிரோட இருக்கிறவங்களப் பத்திப் பேசிட்டிருக்கோம்."

சிறப்பு விருந்தினர் வந்த கையோடு குழாய் அறையையும் திறந்து வைப்பார் என்றிருந்தது. பிள்ளைகள் இருமக் கற்றுவிட்ட பிறகு குழாய் எதற்கு என்று அவரே கேட்டார். அறையில் கூடுதல் முக்காலிகளை அடுக்கினார்கள். ரிப்பனை மடித்து வைத்தார்கள்.

ஒரு நாள் மெத்தை தைத்துக்கொண்டிருக்கும்போது, மெத்தைக்காரர் இருமியதும் வெள்ளைப் பஞ்சு சிவந்தது. ஊசியை உறையிலேயே குத்தி வைத்துவிட்டு அவர் மையத்துக்கு நடந்தார். பாதி வழியில் உட்கார வேண்டியிருந்தது. பெரியவர்கள் பிரிவில் டப்பா கொடுத்தார்கள், துப்பினார். முடிவு வந்தபோது அவரை மறுபடியும் அந்த நீள மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். மனைவி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"உங்க டப்பாவுல சிறார் வகை இருக்கு," என்றார் இயக்குநர். "இது எப்படி?"

"எனக்கு உடம்பு முடியலைங்கய்யா."

"அது தெரியுது. ஆனா சிறார் வகை பெரியவங்களுக்கு வராது. அதுதான் அதோட சிறப்பே. அறிவிச்சாச்சு, படமெல்லாம் வந்தாச்சு. இப்ப உங்களுக்கு இந்த நோய் இருக்குன்னு ஒத்துக்கிட்டா, அந்தப் பிள்ளைங்க விஷயத்துல நாங்க சொன்னது தப்புன்னு ஆகும். தப்புன்னா அத்தன நட்சத்திரத்தையும் எடுக்கணும், அத்தன பேருக்கும் மருந்த நிறுத்திட்டு முதல்லேர்ந்து விசாரிக்கணும். அப்படி ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா உங்களுக்கு?"

மெத்தைக்காரர் சின்ன டாக்டரைப் பார்த்தார். சின்ன டாக்டர் வாயைத் திறந்தார். அவர் சொல்லப்போவது அவருடைய முகத்திலேயே இருந்தது. மெத்தைக்காரர் தலையை லேசாக, வேண்டாம் என்று அசைத்தார். சின்ன டாக்டர் வாயை மூடிக்கொண்டு மேசையைப் பார்த்துக் குனிந்தார். மனைவியின் கை மெத்தைக்காரரின் தோளை இறுக்கியது. சுண்டு பசிக்குது என்று சொன்ன சாயங்காலத்தை அவளும்தான் பார்த்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லைங்கய்யா," என்றார் மெத்தைக்காரர்.

இயக்குநர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "மேன்மை மையம் யாரையும் கைவிடாது. கிருமி சிறார் கிருமிங்கறதால உங்களப் பிள்ளைங்க பிரிவுல எடுத்துக்கறோம். அங்க என்ன முறையோ அதுதான் உங்களுக்கும். வகுப்புல உக்காந்து, டீச்சர் முன்னால, தரமான கோழை குடுக்கணும். உங்களுக்கென்ன, பெரிய ஆளு, ஒரு நிமிஷ வேலை."

மறுநாள் காலை மெத்தைக்காரர் பச்சை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் முகவாயை இடித்தது. நட்சத்திரப் பலகை நிறைந்திருந்தது. அதன் உச்சியில் சுண்டுவின் படம் சிரித்தது. சுற்றிலும் புதுப் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, டப்பாவை மடியில் மறைத்தபடி, காத்திருந்தார்கள்.

"மூச்ச இழுங்க," என்றார் டீச்சர்.

அவர் இழுத்தார். பாதியிலேயே நின்றது. இத்தனை மாதம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் பொங்கி வந்தது, இன்று கிளம்பவில்லை. கிளப்புகிற தெம்பு நெஞ்சில் இல்லை. டீச்சர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மறுபடியும் இழுத்தார், இருமினார். வந்ததெல்லாம் தொண்டையோடு நின்று உள்ளே இறங்கிவிட்டது.

"யார் முழுங்கினது?" என்றார் டீச்சர் பழக்கத்தில்.

டப்பா பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ச் சீட்டோடு திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவரால் முக்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. சுண்டு மாத்திரை வாங்க அம்மாவோடு வந்திருந்தாள். அம்மா மருந்தக வரிசையில் நிற்க, அவள் வகுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கன்னம் உப்பி, புதுச் சட்டை போட்டிருந்தாள். டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள்.

"உனக்கும் வரலயாப்பா?"

அவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, கிட்டே வராதே என்று கையைக் காட்டினார். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. அவருடைய மடியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள். அறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மூச்சை இழுத்து, நிறுத்தி, நெஞ்சைத் தட்டி, ஒரு தப்பும் இல்லாமல், பாடத்தில் சொன்னபடியே இருமினாள். பிறகு கவனமாகத் துப்பி, மூடியைத் திருகிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள். உள்ளே, எந்த நோயும் இல்லாத, தண்ணீர் மாதிரித் தெளிந்த எச்சில் கொஞ்சம் இருந்தது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ப்பா," என்று உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள்.